அம்மனுக்குப் போட்ட பிளேட்டு

1

என் மகள் வசந்தி ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்று, என் மனைவி ராஜி அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டாள். பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை. கூடப் படிக்கிற பிள்ளைகள் சின்னதாக, அழகாக ஏதாவது கார் ஓட்டுகிறார்கள். இவள், தான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னால் செய்த வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள்!

"பொம்பளப் புள்ள ஏறுற வண்டியாடி இது? தோட்டத்துல கொழுந்து மூட்டை ஏத்துற வண்டிடி!" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கனடாவுக்குப் போனவன் பனியைப் பற்றி எழுதுவான், உயரமான கட்டடங்களைப் பற்றி எழுதுவான் என்றுதானே நினைத்திருப்பீர்கள். பனியைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனமில்லை. இந்த வண்டியால் போன மாதம் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. அதில் இருந்து சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் கை ஓடவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இங்கே யாரிடம் சொல்ல? கங்காணி என்றால் யார், லயம் என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குள் கேட்கிறவன் கடிகாரத்தைப் பார்ப்பான்.

நாலு திட்டுத் திட்டலாம் என்றுதான் வாசலுக்குப் போனேன். வண்டியின் முகத்தைப் பார்த்ததும் கிட்டே போய்க் குனிந்தேன். அதே அகன்ற மூக்கு. அதே இரண்டு உருண்டை லைட்டு. ஊரில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அண்ணன் சண்முகம் ஓட்டிய பிக்கப், அச்சு அசல். ஸ்டேரிங் மட்டும் இடது பக்கம்.

"அப்பா, ஏன் பேய் மாரி பாக்கிறீங்க?" என்றாள் வசந்தி.

பேயைப் பார்த்த மாதிரி என்று சொல்ல வந்தாள். அவள் தமிழ் அப்படி. திருத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

2

எங்கள் அப்பா முத்தையா கங்காணி, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். அண்ணன் சண்முகம் தோட்ட மானேஜர் துரையின் பிக்கப்புக்கு டிரைவர். நான் சின்னவன், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் வேலை. அண்ணி பாக்கியம் கொழுந்தெடுக்கப் போவாள். ஒரே லயத்தின் நீள வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறை. அண்ணி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு நான் எங்கே இருந்தாலும் வந்து நிற்பேன். "சின்னவரு மூக்கு ஸ்டேசன் கோச்சி விசிலவிட நேரத்துக்கு வேலை செய்யுது" என்று கிண்டல் பண்ணுவாள்.

அந்தக் காலம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் இந்தியாவுக்குப் போகணும், மீதிப் பேர் இலங்கையிலேயே பிரஜையாகணும் என்று இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டன. நாங்கள் யாருக்கும் சொந்தமில்லாத ஆட்கள். நான் இலங்கைப் பிரஜையாக விண்ணப்பித்துவிட்டுப் பதுளைக் கச்சேரிக்கு, அந்த அரசாங்க ஆபீசுக்கு, நடையாய் நடந்தேன். "உங்க தாத்தா எப்ப வந்தாரு? எந்தத் துறைமுகம்?" என்று கேட்டார்கள். தாத்தா உயிரோடு இருக்கும்போது நாங்கள் கேட்காத கேள்வி அது. பதில் தெரியாமல் விழிப்பேன். மறுபடி வா என்பார்கள். மறுபடி போவேன்.

இங்கே கனடாவில் பிரஜையானபோது ஒரு மேசை, ஒரு அம்மா, சிரித்த முகம். "எங்கே பிறந்தீர்கள்?" என்று கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. பழைய பழக்கத்தில் தாத்தாவின் கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

ஊர்க் கதைக்கு வருகிறேன். என் அலைச்சலைப் பார்த்து அப்பா அம்மனிடம் ஒரு நேர்த்தி வைத்துவிட்டார். "ஆத்தா, எஞ் சின்னவனுக்குப் பிரஜைப் பத்திரம் கெடச்சு, கடல் தாண்டி நல்லா இருக்க வழி பொறந்துச்சுன்னா, ஒன்னைய மோட்டார் தேருல ஏத்தி ஊர்கோலம் கொண்டாறேன்" என்று. அதுவரைக்கும் எங்கள் தோட்டத்தில் அம்மனைத் தோளில்தான் தூக்குவார்கள்.

பத்திரம் கிடைத்துவிட்டது! பாஸ்போர்ட்டும் கிடைத்தது. கனடாவுக்கு மெஷின் வேலைக்காரர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதற்கும் போட்டேன். பதில் வரவேண்டியதுதான் பாக்கி. அப்பா அதற்குமேல் காத்திருக்கவில்லை. திருவிழாவுக்கு நாள் வைத்தார். துரையும் பிக்கப்பைத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

3

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கோயில் மேட்டில். ஊர்கோலம் ஆற்றுக்கு இறங்க வேண்டும். இறக்கம் செங்குத்து. அந்த இறக்கத்தில்தான் துரையின் பங்களா வாசல். வண்டியின் பின்தட்டில் அம்மனை முன்னால் பார்த்து உட்கார வைத்து, ஒரு நாள் சும்மா இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். வண்டி மூக்கைக் குத்தி இறங்கியது. அம்மன் முன்னால் சாய்ந்துவிட்டாள். பங்களா வாசலில் துரைக்குத் தலை குனிந்து சலாம் போடுவது போல.

அப்பாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"நான் குனிஞ்சிருக்கேன். எங்கப்பன் குனிஞ்சிருக்கான். எஞ் சாமி குனியக் கூடாது" என்றார்.

பலகை வைத்து அம்மனை நிமிர்த்தலாமே என்று யாரோ சொன்னார்கள். பீடத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கிறது சாமிக்குக் குறை என்று அப்பா மறுத்துவிட்டார். வண்டியைத்தான் நிமிர்த்த வேண்டும். பதுளையில் பழைய சாமான் கடைக்கார நானாவிடம் லொறி ஸ்பிரிங் பிளேட்டுகள் வாங்கி வந்து, தோட்டத்து ஆசாரியை வைத்து, முன் சக்கரத்து ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் கூடுதலாக ஏற்றினார்கள். முன்பக்கம் ஒரு சாண் உயர்ந்துவிட்டது. அப்பா அந்தப் பிளேட்டுகளுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார். நான் அன்று கொழும்பில் இருந்தேன், கனடாக்காரர்களுக்கு ஏதோ ஒரு தாள் கொடுப்பதற்கு.

திருவிழாவுக்கு வந்துவிட்டேன். என்ன சொல்ல! தப்பு அடி காதைப் பிளக்க, அண்ணன் வெள்ளை வேட்டியோடு ஸ்டேரிங்கைப் பிடித்திருக்க, அம்மன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பங்களா வாசலைத் தாண்டிப் போனாள். துரை கைகூப்பி நின்றார். அப்பா தேம்பித் தேம்பி அழுதார். லயமே அழுதது.

4

திருவிழாவுக்கு அப்புறம் அண்ணன் ஒரு முறைப்பாடு சொல்லத் தொடங்கினார். மதகுகிட்ட வண்டி இழுக்குது என்று. பசறை ரோட்டில் ஒரு வளைவு, வளைவில் ஒரு மதகு, அந்த இடத்தில் ரோடு பள்ளம். அதற்குள் சக்கரம் விழுந்து எழும்பும்போது ஸ்டேரிங் கையை மீறித் திரும்புதாம்.

மதகில் முனி இருப்பதாக ஒரு பேச்சு உண்டு. தேத்தண்ணிக் கடையில் அண்ணனை ஓட்டித் தள்ளினார்கள். "ஏன் சம்முகம், முனிக்கு ஊத்த வேண்டிய சாராயத்த நீ ஊத்திக்கிட்டா அது இழுக்காம என்ன செய்யும்?" அண்ணனுக்குக் குடிப்பழக்கம் கொஞ்சம் உண்டுதான். சம்பள நாளில், கலியாண வீட்டில். அவரும் சிரித்துவிட்டு வருவார்.

கனடாவில் இருந்து பதில் வந்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று. அந்த வாரம்தான் அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று பதுளை ஆஸ்பத்திரியில் காட்டக் கூட்டிப்போனார் அண்ணன். கலியாணமாகி ரொம்ப நாள் கழித்துத் தங்கிய பிள்ளை. அண்ணி முன் சீட்டில். நல்ல வெயில். ரோட்டில் வேறு ஒரு வண்டியும் இல்லை.

மதகில் பிக்கப் ரோட்டை விட்டுக் கீழே பள்ளத்தாக்கில் பாய்ந்தது. அண்ணி அந்த இடத்திலேயே போய்விட்டாள். அண்ணனுக்குக் கால் முறிவு.

முதல் நாள் மாலை ஒரு கலியாண வீட்டில் அண்ணன் குடித்தது எல்லாருக்கும் தெரியும். துரை விசாரித்தார். தேத்தண்ணிக் கடையில் கிண்டல் பண்ணிய வாய்களே இப்போது சாட்சி சொல்லின. குடிகார டிரைவர், வேலை போச்சு. வண்டியை ஸ்டோருக்குப் பின்னால் தள்ளி, பிறகு பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா லயத்து வாசலில் நின்று கத்தினார். மண்ணை வாரித் தூற்றினார். "பொண்டாட்டியையும் புள்ளையையும் குடிச்சிட்டான்! இவன் எம்மவன் இல்ல!" அண்ணன் கட்டுப் போட்ட காலோடு படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததாலேயே உண்மை என்று எல்லாரும் நம்பினோம்.

அண்ணன் இந்தியாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பதுளை ஸ்டேஷனில் அழுகைக் கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயில். ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக் கதறுகிற சனத்துக்கு நடுவில், வழியனுப்ப ஆள் என்று அண்ணனுக்கு நான் மட்டும். "நீ நல்லபடியாப் போய்ச் சேருப்பா. பயணத்த மட்டும் நிப்பாட்டிறாத" என்றார். அப்பா வரவில்லை. மாதக் கணக்கில் தள்ளிப்போட்ட என் டிக்கெட்டில் நானும் ஏறி வந்துவிட்டேன். அப்பா சாகும்வரை அண்ணன் பெயரைச் சொல்லவில்லை என்று ஊரில் இருந்து எழுதினார்கள்.

சில வருஷத்துக்கு முன் அண்ணனைக் கோத்தகிரியில் போய்ப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்தில் காவல் வேலை, தனிக்கட்டை. ஜீப்பில் ஏறச் சொன்னேன். "நீ போப்பா, நான் நடந்து வாறேன்" என்று அந்த முறிந்த காலை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். வண்டியில் முன் சீட்டைக் கண்டால் அவருக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

5

இப்போது வசந்தியின் கதைக்கு வருகிறேன்.

நான் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் கால் இரண்டும்தான் வண்டிக்கு வெளியே தெரியும். ராஜி எழுந்து சமைக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று கட்டளை. சரி அம்மா, சரி அம்மா என்பாள் இவள். அதற்கு அர்த்தம், என்னை விடு.

எனக்கும் அவளுக்கும் பேச்சு குறைந்து ரொம்ப நாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பிறகு இருவரும் சோர்ந்துபோவோம். இந்த வண்டி வந்த பிறகு பழைய ஸ்டேரிங் பெட்டியை எடுத்துவிட்டு பவர் ஸ்டேரிங் போடப் போவதாகச் சொன்னாள். ஷொக் அப்சோபர் எல்லாம் புதுசு. மெஷின் வேலை என் வேலை அல்லவா? மெதுவாகப் பக்கத்தில் போய் நிற்கத் தொடங்கினேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. "அப்பா, வாங்க, ஒரு மேஜிக் பாருங்க" என்று கராஜுக்குள் கூப்பிட்டாள்.

வண்டியின் சட்டத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தாள். முன் சக்கரங்கள் தரையைத் தொடாமல் நின்றன. ஸ்டேரிங் அசையாதபடி ராஜியின் பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"ஸ்டேரிங் யாரும் தொடலை. சரியா?"

"சரி."

அச்சுக்குக் கீழே ஜக்கை வைத்து மெல்ல ஏற்றினாள். சக்கரங்கள் மேலே வந்தன. வந்துகொண்டே ஒரு பக்கமாகத் திரும்பின. இறக்கினாள். மறுபக்கம் திரும்பின. ஒரு கை தொடவில்லை. சேலைத் துண்டு கட்டினது கட்டினபடி இருக்கிறது. சக்கரம் தானாகத் திரும்புகிறது!

நான் குனிந்து அடியில் பார்த்தேன்.

"முந்தி இதை வெச்சிருந்த ஆள், வண்டி உயரமா நிக்கணும்னு ஸ்பிரிங்குக்கு எக்ஸ்ட்ரா பிளேட் போட்டிருக்கான்" என்றாள். தமிழில் பாதி, கையால் பாதி. "முன்னால தூக்கிட்டான். ஆனா ஸ்டேரிங்ல இருந்து வீலுக்குப் போற இந்த இரும்பு ராட்டை மாத்தலை. இது நேராப் படுத்திருக்கணும். இப்ப சரிஞ்சு நிக்குது. பள்ளத்துல விழுந்தா ராட் வீலைத் தள்ளும். டிரைவர் எவ்வளவு இறுக்கிப் புடிச்சாலும் வண்டி அதுபாட்டுக்குப் போகும். யூ நோ, ஆள் செத்துடுவாங்க."

நான் அந்தச் சிமெந்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொருக்கா ஏத்து" என்றேன். ஏற்றினாள். "இன்னொருக்கா." அவள் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

முனியும் இல்லை, சாராயமும் இல்லை. அம்மன் துரைக்குக் குனியக் கூடாது என்று போட்ட பிளேட்டு! திருவிழா முடிந்ததும் கழற்ற மறந்து அப்படியே விட்டுவிட்டார்கள். அண்ணன் நிதானமாகத்தான் ஓட்டியிருக்கிறார். அந்த மனுஷன் இத்தனை வருஷமாக, நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று நொண்டிக்கொண்டு மலை ஏறுகிறார். அன்றைக்கே அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று துடித்தேன். அப்பா கண் மூடிவிட்டார், ஊர் மறந்துவிட்டது. அண்ணன் ஒருவராவது தன்னை மன்னிக்கட்டும்.

6

அண்ணன் வீட்டில் போன் இல்லை. பக்கத்து மளிகைக் கடையில் உண்டு. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கடையில் இருங்கள் என்று தந்தி கொடுத்தேன். அவர்களுக்குச் சாயந்தரம், எனக்குக் காலை. ராஜி ஒரு பக்கம், வசந்தி ஒரு பக்கம்.

"அண்ணே, நான்தான்."

"தெரியுது, சொல்லு. யாருக்கு என்ன? தந்தியப் பாத்து நெஞ்சு அடச்சுப் போச்சு."

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணே. நல்ல விசயம்தான்" என்று தொடங்கினேன். நல்ல விஷயமாம்! வண்டி, ஜக்கு, சேலைத் துண்டு, சரிந்த ராட்டு, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "நீங்க கொல்லலண்ணே. அந்தப் பிளேட்டுதான். ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. குடிச்சதால இல்லண்ணே!"

அண்ணன் அழுகிறார் என்று நினைத்தேன். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியுமேப்பா" என்றார்.

"என்னண்ணே?"

"பிளேட்டு ஏத்துன மறுநாளே தெரியும். ஓட்டுறவனுக்குத் தெரியாதா? அப்பாகிட்ட போய்ச் சொன்னேன், ஸ்டேரிங்கு இழுக்குதுப்பா, கழட்டிறட்டுமான்னு. 'திருவிழாவுக்கு மட்டும் கட்டுன காப்பு இல்லடா அது. சின்னவன் பயணத்துக்குக் கட்டுனது. அவன் பிளேன் ஏறுற வரைக்கும் அவுக்கக் கூடாது. பொறுத்து ஓட்டு'ன்னாரு."

கழற்ற மறந்து விட்டதல்ல. எனக்காக வைத்திருந்தது.

"அப்ப... அப்பாவுக்கும் தெரியுமாண்ணே? தெரிஞ்சுக்கிட்டா ஒங்கள அப்படித் திட்டினாரு?"

"தெரிஞ்சதாலதான்டா அவ்வளவு சத்தமாத் திட்டுனாரு."

"நீங்க ஏண்ணே வாயத் தொறக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னத்தச் சொல்லச் சொல்ற? அப்பா கட்டுன காப்புதான் பாக்கியத்தக் கொன்னுச்சுன்னா? அந்த மனுசன் அன்னைக்கே நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு. நீயும் டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டிருப்ப. ஒரு வீட்டுல எத்தனை சாவு? அவரு மேல மட்டும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. அவருக்குத் தெரியாம நான் கழட்டியிருக்கலாம். ஒரு ஸ்பேனர் போதும். ஒன் பயணம் தடப்பட்டுருமோன்னு எனக்கும் பயம். நீ ஏறுன மறுநாள் கழட்டிறலாம்னு இருந்தேன்."

ராஜி போனை வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. அண்ணன்தான் பேசினார்.

"அந்தப் புள்ள வண்டின்னியே. அதுலயும் பிளேட்டு இருக்குன்னியே. கழட்டிட்டாளா?"

"ஒரு பக்கம் கழட்டிட்டாண்ணே. மத்த பக்கம் இருக்கு."

"இன்னைக்கே கழட்டச் சொல்லு. நாளைக்குன்னு வைக்காத."

போனை வைத்துவிட்டார்.

7

நான் நேரே கராஜுக்குப் போனேன். வசந்தி பின்னாலேயே ஓடி வந்தாள். "பெரியப்பா என்ன சொன்னார்? ஏன் அழுறீங்க? நாங்க நல்ல நியூஸ்தானே சொன்னோம்?" என்று கேட்டாள். எந்த வார்த்தையில் இருந்து தொடங்கிச் சொல்வது? காப்பு என்றால் அவளுக்கு என்ன தெரியும்?

"ஸ்பேனரக் குடு" என்றேன். "இந்தப் பக்கத்த நான் கழட்டுறேன்."

"நாளைக்குச் செய்யலாமேப்பா."

"குடுன்னா குடு!"

கொடுத்தாள். ஜக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். துரு பிடித்த பொல்ட்டு, கஷ்டப்படுத்தும் என்று நினைத்தேன். முதல் இழுப்பிலேயே இளகியது. நான்கு பொல்ட்டையும் கழற்றி, நடு பொல்ட்டையும் உருவி, அந்தக் கூடுதல் பிளேட்டை இழுத்துத் தரையில் போட்டேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.